குவாகுவா எத்தனை மணிக்கு வரும்?

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்றால் இப்போது இவ்விடத்தில் நான் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கும் சௌக்கியம் போதாது. அவ்விடம் உங்கள் சர்க்கரையும், அக்காவின் முழங்காலும், மாடிக் குடித்தனக்காரரோடு உங்களுக்கு இருந்த தண்ணீர்த் தொட்டித் தகராறும் ஒரு கட்டுக்குள் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியை உங்கள் தங்கை போனில் சொல்லியிருப்பாள். என்னைப் பற்றியும் சொல்லியிருப்பாள். அதில் பொய் எதுவும் இருக்காது, ஆனால் முதலிலிருந்து சொல்லியிருக்க மாட்டாள். ஏழு வாரமாக அவள் பெண் வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பேத்தியின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை மச்சான். போனில் ஒரு படம்கூட வரவில்லை. 'வர வேண்டாம்' என்று பெண்ணே எழுதிவிட்ட பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது? உங்கள் தங்கை தட்டாமல் கேட்கும் பேச்சு இந்த உலகத்தில் உங்களுடையது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எல்லாம் என்னுடைய நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தது. நம் மாப்பிள்ளை வீட்டில் பேசுவது ஸ்பானிஷ் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்காவது நம் பெண்ணோடு ஒரே கண்ணாடிப் பட்டறையில் லென்ஸ் தேய்த்த பழக்கத்தில் தமிழ் அரைகுறையாக வரும். சம்பந்தி அம்மாளுக்கு அதுவும் வராது. கடல் தாண்டி ஸ்பானிஷ் பேசும் ஒரு மலைநாட்டிலிருந்து வந்தவர், நல்ல மாதிரி, தையல் மெஷினும் தானுமாக இருப்பவர். கல்யாணம் முடிந்து முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பெண்ணும் மாப்பிள்ளையும் கடைக்குப் போய்விட்டார்கள். உங்கள் தங்கை தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஹாலில் நானும் சம்பந்தி அம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி ஐம்பது நிமிஷம் சிரித்தோம். பேச ஒன்றும் இல்லை, அதனால் சிரித்தோம். அவர் நிறுத்தினால் நான் மரியாதைக்குச் சிரித்தேன், நான் நிறுத்தினால் அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குக் கன்னம் வலித்தது. பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். பேரக் குழந்தை வருவதற்குள் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு சம்பந்தி அம்மாளோடு மனிதனைப்போல நாலு வார்த்தை பேசிவிட வேண்டும்.

முதலில் ஒரு புத்தகம் வாங்கினேன். முதல் பாடம், 'எழுதுகோல் மேசையின்மேல் இருக்கிறது.' இரண்டாம் பாடம், 'என் மாமாவின் எழுதுகோல் மேசையின்மேல் இல்லை.' எழுதுகோல் எங்கே இருந்தால் சம்பந்தி அம்மாளுக்கு என்ன மச்சான்? புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்போதுதான் நம் தெருமுனை சலூன்காரர் வாயைத் திறந்தார். பதினேழு வருஷம் பயணிகள் கப்பலில் முடி வெட்டியவர், தெருவில் அவருக்குப் பேரே கப்பல்தான். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் தீவுக்காரர்களாம், பேச்செல்லாம் ஸ்பானிஷாம். "புக்கெல்லாம் தூக்கிப் போடுங்க சார். ஜனங்க எப்படிப் பேசுதோ அதைக் கத்துக்கணும். தினம் வந்து இந்தச் சேர்ல உக்காருங்க, ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை தரேன்" என்றார். அன்றிலிருந்து ஐந்து மாதம், ஞாயிறு தவிர, காலை ஏழு பத்துக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முகத்தில் சோப்பு நுரை இருந்ததால் திருப்பிக் கேள்வி கேட்க முடியவில்லை. என் கஷ்டத்துக்கெல்லாம் மூலகாரணம் அந்த நுரைதான்.

டிப்போவில் இருந்து கொண்டுவந்த பழைய ட்ரிப் ரிஜிஸ்டர் ஒன்று வீட்டில் இருந்தது. 'புறப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் ஸ்பானிஷ், 'சேர்ந்த இடம்' என்ற கட்டத்தில் தமிழ், 'குறிப்பு' என்ற இடத்தில் எப்போது சொல்வது என்ற விவரம் என்று ஒழுங்காகப் பதிந்தேன். கிண்டல் செய்வதற்கு நாம் காலை வாருகிறோம் இல்லையா, அவர்கள் முடியைப் பிடிக்கிறார்களாம், 'தோமார் எல் பெலோ'. கப்பல் அதைச் சொல்லும்போது என் முடி அவர் கையில் இருந்தது. எசகுபிசகாக ஏதாவது செய்துவிட்டால் 'மெத்தேர் லா பாத்தா', காலை உள்ளே வைத்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு விஷயத்தை நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குத் தலையணையைக் கலந்து பேசுகிறேன் என்பார்களாம். நன்றாகத்தான் இருந்தது. 'அவோரீத்தா' என்ற சொல்லுக்கு வந்தபோதுதான் எனக்கும் கப்பலுக்கும் முதல் சண்டை. "இப்போன்னு அர்த்தம் சார். ஆனா நம்ம தீவுக்காரங்க அப்படிச் சொன்னா இப்போ இல்ல, அப்புறமாத்தான். வேற ஊர்ல உடனேன்னு அர்த்தம். சில ஊர்ல வரவே மாட்டேன்னு அர்த்தம், மரியாதையாச் சொல்றது" என்றார். முப்பத்தொரு வருஷம் நிமிஷக் கணக்கில் பஸ் விட்டவன் நான். நேரத்துக்கு இப்படியொரு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே எப்படி வண்டி ஓடுகிறது என்று கேட்டேன். "ஓடுது சார்" என்றார்.

அந்த வரிசையில்தான் ஒரு நாள் 'குவாகுவா' வந்தது. கப்பல் சொன்னார்: "சார், உங்களுக்குன்னே ஒரு வார்த்தை. குவாகுவான்னா பஸ்ஸு." எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? என் தொழிலுக்கு அந்த மொழியில் இப்படியொரு செல்லப் பெயர். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் பத்துத் தடவை சொல்லிக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "என்ன இது, பச்சப்புள்ள அழுற மாதிரி இருக்கு" என்றாள். "உனக்கு என்ன தெரியும், அது ஹாரன் சத்தம்" என்றேன். மச்சான், அன்று அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

எனக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது என்ற செய்தியை நானே பெண்ணுக்குச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பெண் அதை நம்பினாள். எட்டாம் மாதம் டாக்டர் ஏதோ சொல்லி அவளுக்குப் பயம் வந்திருக்கிறது. உங்கள் தங்கைக்குத் தெரிந்தால் பிரஷர் ஏறிவிடும் என்று, "அம்மாகிட்ட சொல்லாதீங்க, அப்பாகிட்ட மட்டும் சொல்லுங்க, அவருக்குத்தான் உங்க பாஷை புரியுமே, தைரியமா ஏதாவது சொல்லுவார்" என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் வாயால் சொல்லப் பயந்ததை மாமியார் மூலமாக என்னிடம் அனுப்பினாள். சம்பந்தி அம்மாளும் என் போனுக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தார்.

முதல் செய்தி, 'குவாகுவா ரொம்ப உதைக்கிறது.' அந்த ஊர் டவுன் பஸ்ஸைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். வாயும் வயிறுமாக இருக்கும் பெண் அதில் போய் வருகிறாளே என்று எனக்குக் கவலை. வண்டிமேல் தப்பில்லை, ஓட்டுகிறவர் சரியில்லை, உடனே டிரைவரை மாற்றுங்கள் என்று பதில் எழுதினேன். மாப்பிள்ளை அதைத் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அடுத்த வாரம், 'குவாகுவா இன்னும் திரும்பவில்லை, டாக்டர் கவலைப்படுகிறார்.' பஸ் திரும்பாததற்கு டாக்டர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. ஆஸ்பத்திரி வாசல் குறுகலான தெருவாக இருக்கும், வண்டி திரும்ப இடம் இல்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இதிலெல்லாம் எனக்குள்ள அனுபவத்தை வைத்து, 'பரவாயில்லை, ரிவர்ஸில் வெளியே வரட்டும். என் சர்வீஸில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்' என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து 'குவாகுவா திரும்பிவிட்டது, கடவுளுக்கு நன்றி' என்று வந்தது. 'நல்ல டிரைவர், மாற்ற வேண்டாம்' என்று பதில் போட்டேன். இந்தச் செய்திகளில் ஒன்றையும் நான் உங்கள் தங்கையிடம் காட்டவில்லை. பஸ் விவகாரம், அவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இனி அந்த நாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள் பாக்கி. காலை ஏழு ஐம்பதுக்குச் செய்தி: 'குவாகுவா வந்துகொண்டிருக்கிறது. உங்கள் மகள் வெளிச்சத்துக்குக் கொடுக்கப் போகிறாள். வாருங்கள்.' எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சம்பந்தி அம்மாள் நம் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார், அவர் கையில் பெண் ஏதோ விளக்கு கொடுத்து அனுப்புகிறாள், நான் வந்து அழைத்துப்போக வேண்டும். உங்கள் தங்கையிடம், "சம்பந்தி அம்மா வர்றாங்க, சமையலைக் கொஞ்சம் கூட்டி வை. ஒரு லைட்டும் வருது" என்றேன். "எதுக்கு லைட்டு? நம்ம வீட்டுல எரியலையா?" என்றாள். நான் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் 'பியென்வெனீதா', அதாவது நல்வரவு, என்று பெரிதாக எழுதிக்கொண்டு எட்டரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஆஜரானேன். பெண்ணின் ஊரிலிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது வாசலில் அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். ஒன்பது ஐந்து, ஒன்பது நாற்பது. இறங்கியவர்கள் எல்லாரும் அட்டையைப் படிக்கப் பார்த்து, முடியாமல், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பது ஐம்பதுக்கு அடுத்த செய்தி: 'குவாகுவா தாமதமாகிறது. உங்கள் மகள் பயப்படுகிறாள். உங்களைக் கேட்கிறாள்.' நடுவழியில் பஸ் நின்றுவிட்டது, மாமியார் தனியாக மாட்டிக்கொண்டாரே என்று பெண் பயப்படுகிறாள், அப்பா என்ன செய்யச் சொல்கிறார் என்று கேட்கிறாள். இதைவிட வேறு எப்படிப் புரிந்துகொள்வது, நீங்களே சொல்லுங்கள். முதலில் தைரியம் சொல்ல வேண்டும். ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. 'மே இம்போர்த்தா உன் பெப்பீனோ.' எனக்கு இது ஒரு வெள்ளரிக்காய் என்று அர்த்தம். கப்பலில் மேலதிகாரி சத்தம் போடும்போது முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்வார்களாம், "கவலை இல்லைன்னு அர்த்தம் சார்" என்று கப்பல் சொல்லியிருந்தார். நான் சோப்பு நுரையோடு அதைக் கேட்டு, 'சேர்ந்த இடம்' கட்டத்தில் 'கவலை வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். ஒரே ஒரு சொல்தான் மச்சான் வித்தியாசம். ஆறுதல் சொல்வதாக நினைத்து அந்த வெள்ளரிக்காயை அனுப்பி, கூடவே, 'எல்லாரும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள்' என்றும் எழுதினேன். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. காலையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை அதில் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேனே.

அங்கே என்ன நடந்தது என்று உங்கள் தங்கை பிறகு எனக்குச் சொன்னாள். சொன்னாள் என்றால் போனில் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்துவிட்டாள். பிரசவ அறையில் பெண் வலியோடு, "அப்பா என்ன சொன்னாரு? அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சம்பந்தி அம்மாள் செய்தியைப் படித்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்திருக்கிறார். பெண் விடாமல் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். அவளுக்குத்தான் அந்த மொழி அத்துப்படி ஆயிற்றே. 'குழந்தை தாமதமானால் எனக்கென்ன வந்தது, தள்ளச் சொல்லுங்கள்.' இதுதான் அவளைப் பெற்ற அப்பா அவளுக்கு அந்த நேரத்தில் சொன்ன தைரியம்.

நான் அது தெரியாமல் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணிக்கு உங்கள் தங்கை கையில் பையோடு வேகுவேகென்று வந்தாள். சாப்பாடு கொண்டு வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய், கிளம்ப நின்ற ஒன்று பத்து பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று, "எங்க போற?" என்றேன். "மாப்பிள்ளை நம்ம வீட்டுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னார். குழந்தை பிறந்தாச்சு. பொண்ணு. மணி பதினொண்ணு இருபது. உங்க ரிஜிஸ்டர்ல எழுதிக்கோங்க" என்றாள். ஓடிப்போய்ப் படியில் கால் வைப்பதற்குள் விசில் கொடுத்தாகிவிட்டது. கண்டக்டர் என்னிடம் வேலை பழகியவர்தான், அவருக்குப் பட்டப்பெயரே விசில். கதவைப் பிடித்துக்கொண்டு, "விசில் குடுத்தப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஏத்தக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க" என்றார். வண்டி ஒன்று பத்துக்குச் சரியாகப் புறப்பட்டது. என் வாழ்க்கையில் ஒரு வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டதற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று, துணி எடுக்க வீட்டுக்கு ஓடி, போனைச் சார்ஜில் போட்டால் பெண்ணிடமிருந்து தமிழில் ஒரு வரி: 'அப்பா, உங்களுக்கு நாங்க ஒரு வெள்ளரிக்காய். நீங்க வர வேண்டாம்.' அதைப் பதினைந்து தடவை படித்தேன். வர வேண்டாம் என்பது அலைச்சல் வேண்டாம் என்கிற கரிசனம் என்றும், வெள்ளரிக்காய் என்பது பிள்ளை பெற்றவளுக்கு வாய்க்கு ஏதோ கேட்கிறது என்றும் புரிந்துகொண்டேன். மறுநாள் காலை நல்ல பிஞ்சாகப் பார்த்து நாலு கிலோ வெள்ளரிக்காய் வாங்கி, சாக்கில் கட்டி, விசில் கையில் கொடுத்து அனுப்பினேன். 'இன்னும் வேண்டுமானால் சொல்லவும்' என்று ஒரு சீட்டும் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

நாலாம் நாள் சலூனில் பாதி முகம் சவரமாகியிருக்கும்போது கப்பலிடம் போனை நீட்டினேன். அவர் படித்தார். கத்தியைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி படித்தார். "சார், உங்க சம்பந்தி அம்மா தீவுக்காரங்கதானே?" என்றார். மலைநாடு என்றேன். "ஐயையோ. முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? தீவுக்காரங்களுக்குத்தான் குவாகுவான்னா பஸ்ஸு. மலைக்காரங்களுக்கு குவாகுவான்னா கைக்குழந்தை" என்றார். "நீர் ஏன்யா கேட்கலை?" என்றேன். "நீங்க ஏன் சார் சொல்லலை?" என்றார். அதற்குப் பிறகு வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை பெறுவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம், வெளிச்சத்துக்குக் கொடுப்பது என்று. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள் மச்சான். நான் டேபிள் லேம்ப் என்று நினைத்தேன். மீதிப் பாதி முகத்தைச் சவரம் செய்துகொள்ளாமலே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், உங்களிடம் சொல்வதற்கென்ன.

உடனே பெண்ணைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சம்பந்தி அம்மாளுக்கு, 'மெத்தி லா பாத்தா', காலை உள்ளே வைத்துவிட்டேன் என்று எழுதினேன். பதில் இல்லை. செய்ததை ஒப்புக்கொள்கிறேன் என்றுதான் அதற்கு அர்த்தமாகியிருக்கும். உங்கள் தங்கை மட்டும் எடுத்தாள், பிரசவ அறைக் கதையைக் கொட்டிவிட்டு வைத்தது அப்போதுதான். மறுபடி கூப்பிட்டு நடந்ததைத் தெளிவாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "குவா குவான்னா பஸ்ஸா? எழுதப் படிக்கத் தெரியாதவளைக் கேளுங்க, குவா குவான்னா என்னன்னு. எந்தப் பாஷையா இருந்தா என்ன, குழந்தை குவா குவான்னுதானே அழுது? முப்பத்து நாலு வருஷத்துல நீங்க சொன்ன பொய்யிலேயே இதுதான் பெரிசு" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசுவதெல்லாம் கேஸ் அணைத்தாயிற்றா, செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்பதோடு சரி. குழந்தை யார் ஜாடை என்று கேட்டேன். "உங்க ஜாடை இல்லை" என்றாள். என் தரப்பு உண்மை கேட்பதற்கே பொய்யாக இருக்கிறது. ஸ்பானிஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல், தமிழ் மட்டும் தெரிந்தவனாக இருந்திருந்தால், அந்தச் செய்திகளைப் படித்ததுமே எனக்குப் புரிந்திருக்கும். ஐந்து மாதம் படித்ததால்தான் புரியாமல் போனது.

ஆகவே மச்சான், நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் தங்கையைக் கூப்பிட்டு, குவாகுவா என்றால் பஸ் என்று சொல்லும் ஜனங்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாகக் கப்பல் தன் கைப்பட எழுதி, சலூன் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்த சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது, நம் பெண்ணிடம் பேச வேண்டும். அவள் என்னிடம்தான் தைரியம் கேட்டாள், அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை. அவள் பயந்தாள் என்று தெரிந்திருந்தால் நான் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க மாட்டேன், நடந்தே கிளம்பியிருப்பேன் என்று சொல்லுங்கள். இதை நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். இனிமேல் சாகும்வரை ஒரு ஸ்பானிஷ் வார்த்தை என் வாயில் வராது என்றும் சொல்லிவிடுங்கள். ரிஜிஸ்டரைப் பரண்மேல் போட்டுவிட்டேன். சம்பந்தி அம்மாளும் நானும் பழையபடி சிரித்துக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடுகிறோம்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலோடு மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், பெற்றவர்கள் சொல்வது பிள்ளைகளுக்குப் புரியும்படியான நல்ல காலத்தோடும் இருக்க என் ஆசிகள். தங்கள் பதிலை வாசலைப் பார்த்துக்கொண்டு எதிர்பார்க்கும்,

தங்கள் அடக்கமுள்ள மைத்துனன்,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். யாரிடமும் பேச வேண்டாம். முக்கியமாக உங்கள் தங்கையிடம் இந்தக் கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் பதிந்ததை அடிக்கக் கூடாது, கீழே குறிப்புதான் எழுதலாம் என்பது டிப்போ சட்டம். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பெண் போன் செய்தாள் மச்சான். நேற்று குழந்தையை எடை பார்க்கக் கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே எடை போடும் நர்ஸ் ஒரு தீவுக்காரி. சம்பந்தி அம்மாள் அவளிடம், "என் குவாகுவாவைத் தராசில் வையுங்கள்" என்றிருக்கிறார். "பஸ்ஸையா? தராசு தாங்குமா அம்மா?" என்று அவள் சிரிக்க, சம்பந்தி அம்மாளுக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. வேண்டும் என்றே திட்டுகிறவன் நாலு கிலோ வெள்ளரிக்காயைப் பிஞ்சாகப் பொறுக்கி அனுப்புவானா என்று ஏழு வாரமாக அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். அங்கேயே உட்கார்ந்து என் செய்திகளை முதலிலிருந்து நர்ஸுக்குப் படித்துக் காட்டினாராம். ரிவர்ஸுக்கு வந்ததும் இரண்டு பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்களாம். "அன்னைக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமாப்பா" என்றாள் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் நடுவில் குரல் உடைந்தது. பின்னால் குழந்தை அழுதது. உங்கள் தங்கை சொன்னது சரிதான், அப்படியே அதே சொல்லைத்தான் சொல்கிறது.

போனை வைத்ததும் சம்பந்தி அம்மாளிடமிருந்து செய்தி: 'லா குவாகுவா வியேனே என் லா குவாகுவா.' அதாவது, குழந்தை பஸ்ஸில் வருகிறது. அவர்கள் ஊரில் பஸ்ஸுக்கு வேறு பெயர் மச்சான். எனக்காக என் சொல்லைப் போட்டிருக்கிறார். அதன் கீழே பெண் தமிழில், 'அப்பா, பஸ் ஸ்டாண்டுல இருங்க' என்று எழுதியிருக்கிறாள். ரிஜிஸ்டரைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். எத்தனை மணிக்கு வண்டி ஏறுகிறீர்கள் என்று சம்பந்தி அம்மாளைக் கேட்டேன். 'அவோரீத்தா' என்று பதில் வந்திருக்கிறது. மலைநாட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று கப்பலுக்கும் தெரியவில்லை. அதனால் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.